மலை ரோட்டுக்கு பைக் சீட்: எந்த ஸ்பொஞ், எந்த ரெக்சின், எங்கே காசு வீண்

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ கடையில் நின்று "சீட் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கையில் கிடைப்பது ஒரே மருந்துதான்: இன்னும் மெத்தென்ற ஸ்பொஞ் ஒன்று. அதோடு ஒரு ஜெல் பேட், வலைக் கவர், பெயர் அச்சடித்த ரெடிமேட் ரெக்சின் கவர். வீட்டிலேயே சீட்டைப் பிரித்துக் கட்ட நினைப்பவர்கள் காசு போடும் சாமான்கள் இவைதான். இவற்றில் எது மலை ரோட்டுக்குத் தாங்கும், எது ஆறு மாதத்தில் குப்பைக்குப் போகும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மலையகத்தில் சீட்டுக்கு இரண்டு எதிரி. ஒன்று தண்ணீர், மற்றது சரிவு. மெத்தென்று இருக்கிறதா என்பது அவற்றுக்குப் பிறகு வருகிற கேள்வி. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும் மழையில் பைக் நாள் கணக்கில் நனைந்து நிற்கும். மழை விட்டாலும் பனிமூட்டம் காயவிடாது. சரிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். றம்பொடையிலிருந்து கொத்மலைப் பக்கம் இறங்கும்போதும் அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்போதும் பிரேக் பிடிக்கப் பிடிக்க உடம்பு டேங்க்கை நோக்கி வழுக்கும். ஏறும்போது பின்னால் இருப்பவர் கேரியர் பக்கம் சறுக்குவார். சமதரையில் ஓட்டுகிறவருக்குச் சுகமாக இருக்கும் சீட் இங்கே இடுப்பையும் மணிக்கட்டையும் கெடுப்பது இதனால்தான்.

எதையும் வாங்குவதற்கு முன் கம்பனி ஸ்பொஞ்சைக் கழற்றிப் பாருங்கள். பல்சர், டிஸ்கவர், சிடி 100, ஹோர்னெட், எதுவானாலும் கம்பனி போடுவது அச்சில் ஊற்றி எடுத்த பொலியுரித்தேன் ஸ்பொஞ். கடைகளில் தாளாக விற்கும் அநேக ஸ்பொஞ்சை விட இது கனமும் உழைப்பும் கூடியது. ஆகவே அதைத் தூக்கி எறிய வேண்டாம். நாலைந்து வருடத்தில் தேய்வது பெரும்பாலும் ஓட்டுபவர் குந்தும் ஒரு சாண் இடம் மட்டும்தான். அந்த இடத்தை வெட்டி எடுத்து மாற்றினால் போதும், மிச்சம் அப்படியே இருக்கட்டும்.

எங்கே வலிக்கிறது என்பதையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வால் எலும்பும் புட்டத்து எலும்புகளும் வலித்தால் ஸ்பொஞ் முழுதாக அமுங்கி அடித்தட்டில் முட்டுகிறது என்று அர்த்தம். அதற்கு வேண்டியது கடினமான அடுக்கு, மெத்தென்றது அல்ல. தொடையின் உள்பக்கம் மரத்துப் போனால் சீட்டின் முன் ஓரம் அகலம் கூடியிருக்கிறது, ஓரத்தைச் சீவ வேண்டும். முன்னுக்கு வழுக்கினால் கோணம் பிழை. மூன்றுக்கும் மேலே ஒரு ஸ்பொஞ்சைப் போட்டு மூடினால் மூன்றுமே தீராது. மெத்தென்ற ஸ்பொஞ்சில் எலும்பு ஆழமாக இறங்கும், சுற்றியுள்ள ஸ்பொஞ் தொடை நரம்பை மேல்நோக்கி அழுத்தும். முதல் பத்து நிமிடம் சொர்க்கம், ஒரு மணித்தியாலத்தில் கால் மரத்துவிடும்.

ஸ்பொஞ் வாங்கும்போது கடைக்காரர் "ஹாட்", "சொஃப்ட்" என்று விரலால் அமுக்கிக் காட்டுவார். அதை நம்ப வேண்டாம். கடினமும் அடர்த்தியும் வேறு வேறு. விலை குறைந்த ஸ்பொஞ்சையும் கடினமாகச் செய்ய முடியும், ஆனால் சில மாதங்களில் அது உட்கார்ந்துவிடும். நிறுத்துப் பார்ப்பதே சரியான சோதனை. 10 சென்டிமீற்றர் நீளம், 10 சென்டிமீற்றர் அகலம், 5 சென்டிமீற்றர் தடிப்பில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி டிஜிட்டல் தராசில் வையுங்கள். கிடைக்கும் கிராமை இரண்டால் பெருக்கினால் ஒரு கனமீற்றருக்கு எத்தனை கிலோ என்பது வந்துவிடும். 8 முதல் 12 கிராம் என்றால் அது மெத்தைக்கும் தலையணைக்கும் போடும் மலிந்த ஸ்பொஞ். சீட்டுக்கு ஆகாது. 25 முதல் 35 கிராம் வரை இருந்தால் மேலடுக்குக்கு நல்லது. 40 கிராமுக்கு மேல் போனால் அது பெரும்பாலும் ரீபொண்ட், அதாவது வெட்டுத் துண்டுகளை அரைத்துப் பசையோடு அழுத்திச் செய்த பல நிறப் புள்ளி ஸ்பொஞ்.

இந்த ரீபொண்ட்தான் மலை ரோட்டுக்கு எங்கள் முதல் தெரிவு, அடி அடுக்காக மட்டும். பார்க்க அழகில்லை, தொட்டால் பலகை மாதிரி இருக்கும், ஆனால் தோட்டத்துக் கல் ரோட்டில் குதிக்கும்போது அடித்தட்டு வரை அமுங்காது. 20 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். அதன் மேல் 25 முதல் 30 மில்லிமீற்றர் நல்ல பொலியுரித்தேன் ஸ்பொஞ், எல்லாவற்றுக்கும் மேலே மேடு பள்ளம் தெரியாமலிருக்க 5 மில்லிமீற்றர் மெல்லிய ஸ்பொஞ். ரீபொண்டை மேலடுக்காகப் போட்டால் துண்டுகளின் முடிச்சு ரெக்சினுக்கு மேலே புடைத்துத் தெரியும், வெயிலில் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

இரப்பர் பால் ஸ்பொஞ்சைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இலங்கையிலேயே செய்யும் சாமான், மெத்தைக்கு அருமையானது. பைக்குக்கு மூன்று குறை. பாரம் கூட. தண்ணீர் குடித்தால் காய நாள் எடுக்கும். மூன்றாவதுதான் பெரிய குறை: துள்ளல் கூடியது. அமுக்கியதை அப்படியே திருப்பித் தள்ளும். கல் ரோட்டில் சொக்கப்சோர்பர் ஒரு தடவை தூக்கும், சீட் இன்னொரு தடவை தூக்கும். பழைய இரப்பர் மெத்தைத் துண்டு வீட்டில் சும்மா கிடந்தாலும் போட வேண்டாம்.

ஈவிஏ, அதாவது செருப்புத் தாள், யோகா விரிப்பு வகை, தண்ணீர் குடிக்காது. 8 முதல் 10 மில்லிமீற்றர் தாளை ரீபொண்டுக்குப் பதிலாக அடியில் போடலாம். எப்போதும் நனையும் பைக்குக்கு, தபால் அல்லது பால் கொண்டுபோகிறவர்களுக்கு, இதுவே மேல். ஆனால் ஒரே தடிப்பில் 20 மில்லிமீற்றர் போட்டால் பலகையில் குந்தின மாதிரி இருக்கும். வெள்ளை நிறப் பொதி ஸ்பொஞ், டிவி பெட்டிக்குள் வருவது, சில வாரங்களில் நசிந்து தாளாகிவிடும். ரெஜிபோம் (தெர்மகோல்) பற்றிப் பேசவே தேவையில்லை, நொறுங்கும், பசையில் கரையும்.

ஜெல் பேட்டுக்கு இங்கே மதிப்பு அதிகம், விலையும் அதிகம். அது செய்வது ஒரு வேலைதான்: எலும்புக்குக் கீழே குவியும் அழுத்தத்தைப் பக்கத்துக்குப் பரப்புவது. அதிர்ச்சியை வாங்காது, ஏனென்றால் ஜெல் அமுங்காது, விலகும். கல் ரோட்டு அடிக்கு அதனால் பெரிய உதவியில்லை. நுவரெலியாவில் விடிய ஐந்து மணிக்குப் பைக்கை எடுக்கிறவருக்கு இன்னொரு தொந்தரவு உண்டு. இரவு முழுக்கக் குளிர்ந்த ஜெல் குளிர்ந்த கல் போல இருக்கும், சூடாக நேரம் எடுக்கும். நேரடியாக ரெக்சினுக்குக் கீழே வைத்தவர்கள் அநேகமாக மனம் நொந்து கழற்றிவிடுகிறார்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால் ஸ்பொஞ்சில் பேட்டின் அளவுக்கும் தடிப்புக்கும் சரியாகக் குழி வெட்டி, அதில் இறக்கி, மேலே 10 முதல் 12 மில்லிமீற்றர் ஸ்பொஞ் போட்டு மூட வேண்டும். ஓரத்தைக் கத்தியால் வெட்டிச் சிறிதாக்கக் கூடாது, உறை கிழிந்தால் ஜெல் கசியும். கொழும்புக்கு அடிக்கடி நீண்ட தூரம் போகிறவருக்கு ஜெல் பரவாயில்லை. தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடும் பைக்குக்குக் காசு வீண்.

வலைக் கவர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலுக்கு நல்லது, கழற்றிக் கழுவலாம். நனைந்தால் வலைக்குள் நிற்கும் தண்ணீர் குந்தியதும் காற்சட்டைக்கு ஏறும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் கவரே முன்னுக்கு நகரும். மொனராகலை, வெல்லவாயப் பக்கம் ஓடுபவர்கள் வாங்கட்டும்.

இனி வேலை. சீட்டைக் கவிழ்த்து வைத்துத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டேப்ளைக் கிளப்பி, நோஸ் பிளையரால் பிடுங்கவும். பழைய கவரைக் கிழிக்க வேண்டாம், அதுதான் புதிய கவருக்கு அளவுப் படிவம். கழற்றுவதற்கு முன் அடித்தட்டு, ஸ்பொஞ், கவர் மூன்றிலும் நடுக்கோட்டைச் சோக்கால் குறித்து வையுங்கள். இதைத் தவறவிட்டவர்களின் சீட் முன்மூக்கு ஒரு பக்கம் திரும்பி நிற்கும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் நேராகாது.

எலும்பு எங்கே படுகிறது என்று பார்க்க ஒரு காட்போட் துண்டு போதும். படிக்கட்டில் காட்போட்டை வைத்து, முழங்கால் சற்று உயரும்படி குந்தி, ஒரு நிமிடம் முன்னும் பின்னும் அசையவும். இரண்டு பள்ளம் விழும். நடுவுக்கு நடு அளந்தால் அநேகருக்கு 10 முதல் 14 சென்டிமீற்றருக்குள் வரும். அதோடு 5 சென்டிமீற்றர் கூட்டினால் சீட்டில் தட்டையாக இருக்க வேண்டிய அகலம் கிடைக்கும். அந்த அகலத்துக்கு முன்னால் உள்ள ஓரங்களைத் தாராளமாகச் சீவலாம். கால் நிலத்தில் எட்டாதவருக்கு உயரத்தைக் குறைப்பதை விட இந்த ஓரம் சீவல்தான் கூட உதவும், தொடை நேராகக் கீழே இறங்குவதால். உயரத்தையும் குறைக்க வேண்டுமென்றால் 25 மில்லிமீற்றருக்கு மேல் வெட்ட வேண்டாம். அடித்தட்டுக்கு மேலே எங்கும் 40 மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும்.

வெட்டப் பாண் வெட்டும் பல் கத்தி அருமை. புதிய ஹெக்சோ பிளேட்டும் ஆகும், நீளமாக வெளியே இழுத்த கட்டர் பிளேட்டும் ஆகும். எதுவானாலும் அழுத்தாமல் நீள இழுத்து அறுக்க வேண்டும். அழுத்தினால் ஸ்பொஞ் நசிந்து கொடுக்கும், வெட்டு அலை அலையாக வரும். குழிவான வடிவத்துக்கு இரண்டங்குலப் பிவிசி குழாயில் 40 நம்பர் அரத்தாளைச் சுற்றித் தேய்க்கவும். ஈர ஸ்பொஞ்சை வெட்டவோ தேய்க்கவோ முயல வேண்டாம், பிய்ந்து வரும்.

சரிவுக்கான மருந்து இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. பைக்கை மெயின் ஸ்டாண்டில், சமமான இடத்தில் நிறுத்தி, ஓட்டுபவர் குந்தும் இடத்தில் ஒரு பலகைத் துண்டை வைத்து மட்டம் பாருங்கள். கம்பனி சீட் அநேகமாக டேங்க் பக்கம் சரிந்திருக்கும். புட்டத்து எலும்பு விழும் இடத்தை ஆழப்படுத்தி, அதற்கு முன்னால் உள்ள மூக்குப் பகுதியை அந்தக் குழியை விட 10 முதல் 15 மில்லிமீற்றர் உயர்த்துங்கள். கண்ணுக்குத் தெரியாத உயரம்தான், ஆனால் கொத்மலைப் பக்கம் இறங்கும்போது கையில் விழும் பாரம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். பின்னால் குந்துபவருக்குச் சீட்டின் கடைசியில் அதே அளவு ஒரு வரம்பு வேண்டும். சேலை கட்டி ஒரு பக்கமாகக் குந்துகிறவர்கள் வீட்டில் இருந்தால் பின் சீட்டின் இடது ஓரத்தை உருட்டாக விடாமல் கொஞ்சம் தட்டையாகவே விடுங்கள். மரக்கறிச் சாக்கும் கொழுந்து மூட்டையும் கட்டுகிறவர்களுக்கும் அந்தத் தட்டை உதவும்.

பசைக்குக் குஷன்காரர் பாவிக்கும் மஞ்சள் காண்டாக்ட் பசைதான் சரி. வெள்ளைத் தச்சுப் பசை காய்ந்தால் கண்ணாடி போல வெடிக்கும், ஈரம் பட்டால் இளகும். காண்டாக்ட் பசையை இரண்டு முகத்திலும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கிற பதம் வரும்வரை விட வேண்டும். சமதரையில் பத்து நிமிடம் என்று டின்னில் எழுதியிருந்தால் நுவரெலியாக் குளிரில் இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். பனி இறங்கும் நேரத்தில் பூசினால் பசையின் மேல் வெள்ளைப் படலம் படரும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது அது. அப்படியே ஒட்டினால் அடுத்த வாரமே உரிந்து வரும். பகல் பதினொரு மணிக்குப் பிறகு, வெயில் வந்த பின் இந்த வேலையைச் செய்யுங்கள். வாசலில் செய்யுங்கள். லயத்து வீட்டில் அடுப்பும் அறையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பசையின் ஆவி நெருப்புப் பிடிக்கும்.

இன்னொரு விஷயம் குஷன்காரரிலும் எல்லோருக்கும் தெரிவதில்லை. பசை காய்ந்த கோடு கடினமாகும். எலும்பு விழும் இடத்தில் முழுக்கப் பசை பூசினால் இரண்டு ஸ்பொஞ்சுக்கும் நடுவில் ஒரு தோல் உருவாகி, அது ஒரு மாதத்தில் உறுத்தத் தொடங்கும். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பூசி, நடுவில் நாலைந்து பொட்டு மட்டும் வைத்தால் போதும்.

இப்போது தண்ணீர். 60 சென்டிமீற்றர் நீளம், 25 அகலம், சராசரி 6 தடிப்புள்ள ஒரு ஸ்பொஞ்சின் கொள்ளளவு 9 லீற்றர். அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் குடித்தாலே கிட்டத்தட்ட இரண்டு கிலோ பாரம் கூடும், குந்தினால் காற்சட்டைக்கு வரும், இரும்பு அடித்தட்டென்றால் அடியிலிருந்து அரிக்கும். இந்தத் தண்ணீர் மேலே இருந்து சொட்டி இறங்குவதை விட உறிஞ்சப்படுவதுதான் அதிகம். குந்தும்போது ஸ்பொஞ்சிலுள்ள காற்று வெளியே போகிறது. எழும்பும்போது ஸ்பொஞ் விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த நேரம் தையல் துவாரத்தில் தண்ணீர் நின்றால் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஊசித் துவாரம் ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பம்ப். ஆகவே இரண்டு வேலை செய்ய வேண்டும். தண்ணீர் தேங்கும் குழியில் தையல் வராதபடி கவரை வெட்ட வேண்டும். அடித்தட்டில் கம்பனி விட்டிருக்கும் மூச்சுத் துவாரங்களை அடைக்காமல் விட வேண்டும், காற்று அந்த வழியாகப் போய் வந்தால் தையல் வழியாக இழுக்காது. மூச்சுத் துவாரத்தைப் பசையாலும் டேப்பாலும் மூடி "நல்லா சீல் பண்ணியாச்சு" என்று நினைப்பவர்களின் சீட்தான் முதலில் ஊறும்.

ஸ்பொஞ்சுக்கும் ரெக்சினுக்கும் இடையில் ஒரு மெல்லிய பொலித்தீன் தாள் போடலாம், போடத்தான் வேண்டும். தடித்த தாள் சரசரக்கும், மடிப்பு மேலே தெரியும். உரப் பையின் உள்தாளைப் பாவிக்கிறவர்கள் உண்டு. நல்ல தாள்தான், ஆனால் இரண்டு மூன்று தடவை கழுவிக் காயவைத்த பிறகு. மிச்சமிருக்கும் உர உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஸ்டேப்ளையும் இரும்புத் தட்டையும் தின்றுவிடும்.

எல்லாச் சாமான்களிலும் காசைக் கூடப் போட வேண்டியது ரெக்சினுக்கு. ஸ்பொஞ்சில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நெய்த துணி ஒட்டியிருந்தால் அது இழுபடாது, வளைவில் சுருக்கம் விழும், கதிரைக்கும் கைப்பைக்கும் தைக்கத்தான் நல்லது. பின்னிய துணி, பனியன் துணி மாதிரி இருந்தால் நாலு பக்கமும் இழுபடும், மூலைகளில் தையலே இல்லாமல் படிய வைக்கலாம். தடிப்பு 1 மில்லிமீற்றர் அளவு நல்லது. வாங்குமுன் ஒரு மூலையைக் கூர்மையாக மடித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள், மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உயரம் கூடக்கூட வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் கூடும், 1000 மீற்றருக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. குளிர் ஊரில் வெயில் சுடாது என்று நினைக்கிறோம், ஆனால் மலிந்த ரெக்சின் இங்கே சீக்கிரம் வறண்டு வெடிக்கும். படகு இருக்கைக்கென்று விற்கும் மெரீன் ரெக்சின் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் எடுங்கள், கதிருக்கும் பூஞ்சணத்துக்கும் தாங்கும்படி செய்தது அது.

மேற்பரப்பும் முக்கியம். வழுவழுப்பான ரெக்சின் நனைந்தால் இறக்கத்தில் நிற்காது. சிறு புள்ளியுள்ள கிரிப் வகையை ஓட்டுபவர் இடத்துக்கு மட்டும் போட்டு, பக்கங்களுக்கும் பின் சீட்டுக்கும் சாதாரண வகை போட்டால் ஏறி இறங்கவும் சுகம், பிடிப்பும் இருக்கும். கார்பன் கோலம் அச்சடித்த ரெக்சின் பார்வைக்கு எடுப்பானது, ஆனால் கடைகளில் வருவதில் அநேகம் இழுபடாத வகை. பெயர் அச்சடித்த ரெடிமேட் கவர்களும் அநேகமாக அப்படித்தான். போதாக்குறைக்கு அவை கம்பனி ஸ்பொஞ்சின் வடிவத்துக்கு வெட்டியவை. நீங்கள் வடிவத்தை மாற்றியிருந்தால் குழியில் ஒட்டாமல் தோல் மேளம் போல நிற்கும். ஸ்பொஞ்சைத் தொடாமல் கவரை மட்டும் மாற்றுபவருக்கு அவை போதும்.

தையலுக்குப் பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் உக்கும். தடித்த பொலியெஸ்டர் நூல், 16 அல்லது 18 நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மில்லிமீற்றர். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைப்பது ரெக்சினில் பிழை. துவாரம் நெருங்கினால் தபால் முத்திரைத் தாள் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். வீட்டு சிங்கர் மெஷினில் இரண்டு மடிப்பு வரை கையால் சக்கரத்தைச் சுற்றித் தைக்கலாம். மூன்று நாலு மடிப்பு சேரும் இடத்தில் ஊசி உடையும், மெஷினில் ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரமும் (டைமிங்) கெடும். ஓரத்துக்கு 15 மில்லிமீற்றர் தையல் விளிம்பு விடுங்கள். ஸ்பொஞ்சை 20 மில்லிமீற்றர் உயர்த்தியிருந்தால் பக்கத் துணியும் இருபுறமும் அத்தனை கூட வேண்டும், பழைய கவரை அப்படியே பிரதி எடுத்தால் எட்டாது.

ரெக்சினைக் குளிரில் இழுக்க வேண்டாம். காலைக் குளிரில் அது தகடு மாதிரி விறைத்திருக்கும், இறுக்கி அடித்தாலும் மத்தியானம் தளர்ந்து சுருக்கம் விழும். ஒரு மணித்தியாலம் வெயிலில் விரித்து வைத்தோ, ஹெயார் டிரையரால் சூடு காட்டியோ இழுங்கள். ஹீட் கன் என்றால் ஒரு சாண் தூரத்தில், அசைத்துக்கொண்டே. ஒரே இடத்தில் நின்றால் பளபளப்பாகி உருகும்.

ஸ்டேப்ளர் கன்னில் கையால் அழுத்தும் கனமான இரும்பு வகை எடுங்கள். பிளாஸ்டிக் உடல் வகை மேசைத் துணிக்குத்தான் சரி. பிளாஸ்டிக் அடித்தட்டுக்கு 6 மில்லிமீற்றர் கால், விளிம்பு தடித்த இடத்தில் 8. பத்து போட்டால் முனை மறுபக்கம் வந்து பொலித்தீனைக் குத்தும். ஸ்டேப்ள் பாதியில் நிற்பதற்குக் கன்னைக் குறை சொல்வார்கள், அநேகமாகக் காரணம் அடியில் இருக்கிறது. சீட்டை மேசையில் வைத்து அடித்தால் ஸ்பொஞ் துள்ளி அடியின் பலத்தைத் தின்றுவிடும். நிலத்தில் மணல் சாக்கை விரித்து, அதில் சீட்டைக் கவிழ்த்து, ஒரு கையால் கன்னின் தலையை முழுப் பாரத்தோடு அழுத்தி, மறு கையால் அடியுங்கள். மிச்சம் நிற்பதைச் சுத்தியலால் தட்டலாம். துருப்பிடிக்காத வகையே வேண்டும். காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள், பளிச்சென்று ஒட்டினால் அது அநேகமாக வெறும் நாகம் (சிங்க்) பூசிய இரும்பு, இரண்டு மழைக்காலம் தாண்டாது.

அடிக்கும் ஒழுங்கு: முன் மூக்கின் நடு, பின் நடு, பிறகு இரண்டு பக்கத்து நடு. எட்டு ஸ்டேப்ளில் சீட்டை நிறுத்தி, பைக்கில் பூட்டி, ஏறிக் குந்திப் பாருங்கள். பிழை தெரிந்தால் எட்டைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை. சரியென்றால் நடுவிலிருந்து மூலைகளை நோக்கிப் போய், நேர் ஓரத்தில் 20 மில்லிமீற்றருக்கு ஒன்று, வளைவில் 10க்கு ஒன்று. பழைய மொடல்களில் இரும்புத் தட்டில் பல் இருக்கும், ஸ்டேப்ள் தேவையில்லை. துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகே ஸ்பொஞ்சை வையுங்கள். பல்லை ஒரு தடவைக்கு மேல் மடித்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

பூட்டும் கொக்கிக்கும், அடித்தட்டின் கீழே சேஸில் உட்காரும் இரப்பர்க் குமிழ்களுக்கும் சுற்றி 15 மில்லிமீற்றருக்குள் ரெக்சின் மடிப்பு வரக்கூடாது. வந்தால் சீட் பூட்டியது போல் சத்தம் கேட்கும், உண்மையில் பாதி பூட்டில் நிற்கும். குமிழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று விழுந்திருந்தாலும் அந்த மூலையில் பாரம் சேஸில் நேரே இறங்கி, கல் ரோட்டில் அடித்தட்டு விளிம்போடு வெடிக்கும். எவ்வளவு நல்ல ஸ்பொஞ்சும் வெடித்த தட்டைக் காப்பாற்றாது. உதிரிப்பாகக் கடையில் குமிழ் சில்லறைக் காசுதான்.

இவ்வளவையும் வீட்டிலேயே செய்ய வேண்டுமா என்றால், தையலை மட்டும் வெளியே கொடுப்பதே எங்கள் சிபாரிசு. குஷன் கடையில் இருக்கும் நடைக்கால் மெஷின் (அழுத்தும் காலும் துணியோடு சேர்ந்து நகரும் தையல் மெஷின்) நாலு மடிப்பையும் ஒரே சீராகத் தைக்கும், வீட்டில் அது வராது. ஆனால் ஸ்பொஞ் வேலையைக் கடைக்கு விட்டால் கையில் அன்றைக்கு இருக்கும் துண்டுதான் உள்ளே போகும். கவர் மூடிய பிறகு என்ன போட்டார்கள் என்று பார்க்க வழியில்லை. ஸ்பொஞ்சை வீட்டில் வெட்டி ஒட்டி முடித்து, ரெக்சினையும் நூலையும் நீங்களே வாங்கி, சீட்டைக் கொண்டுபோய் "பாஸ், அளவெடுத்துத் தைச்சு மட்டும் தாங்க, ஸ்டேப்ள் நாங்க அடிச்சுக்கிறோம்" என்று கேளுங்கள். தையல் எந்த வழியாக வர வேண்டும் என்பதைச் சோக்கால் ஸ்பொஞ்சின் மேலேயே கோடு போட்டுக் கொடுங்கள். குழியைத் தவிர்க்கும் கோட்டை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

பூட்டிய பிறகு முதல் மழைக்குக் காத்திருக்க வேண்டாம். குந்தும் குழியில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, முழங்காலால் இருபது தடவை அமுக்கி விடுங்கள். பிறகு சீட்டைக் கழற்றி, மூக்கைக் கீழே பிடித்துக் குலுக்கி, மூச்சுத் துவாரத்தில் ஒரு துண்டுப் பத்திரிகைத் தாளைச் சொருகிப் பாருங்கள். தாள் நனைந்தால் கசிவது அநேகமாக முன்பக்கத் தையல். அந்த இடத்தில் மட்டும் ஸ்டேப்ளைக் கழற்றி, உள்பக்கமாகத் தையல் மேல் காண்டாக்ட் பசையைத் தடவி, ஒரு விரல் அகல ரெக்சின் பட்டியை ஒட்டி, காய்ந்ததும் மறுபடி அடித்துவிடுங்கள்.